பாதி இறங்கிய ஷட்டர்

கத்தரிக்கோல் பிடித்தால் கத்திரியாரைப் போலப் பிடிக்க வேண்டும் என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள். தொழில் தெரியாதவர்களிடம் அதை அவரே சொல்லிக்கொள்வார். அதில் தப்பென்ன இருக்கிறது? உழைத்து மேலே வந்தவன் தன் பெருமையைத் தானே பேசாவிட்டால், வேறு யார் கடையைப் பூட்டிவிட்டு வந்து பேசப்போகிறார்கள்?

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் அவர். பன்னிரண்டு வயதில் ஒரு திரைச்சீலைப் பட்டறையில் ஊசி பொறுக்கும் வேலை. நூலில் காந்தத்தைக் கட்டித் தரை முழுக்க இழுத்துக்கொண்டு போனால், தைக்கிறவர்கள் தவறவிட்ட குண்டூசியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து வளையம் கோப்பது, பிறகு ஓரம் மடிப்பது, பிறகு தையல் மிஷின், கடைசியில் வெட்டு மேசை. மொத்தம் நாற்பது வருஷம். எட்டு மடிப்புத் துணியைப் பிசிறில்லாமல் ஒரே ஓட்டத்தில் வெட்டுவார். படித்தவன் கணக்குப் போட்டு முடிப்பதற்குள், ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டு இத்தனை அடி என்று சொல்லிவிடுவார். அளந்து பார்த்தால் விரற்கடை கூட வித்தியாசம் இருக்காது.

வெல்வெட் மட்டும் அவர் மேசைக்கு வந்ததில்லை. அந்தத் துணி வந்தால் முதலாளி அதை உள் அறைக்குத் தூக்கிப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தானே வெட்டுவார். தொழிலில் ஒரு முடிச்சை எப்போதும் தன் மடியிலேயே வைத்துக்கொள்ளும் மனிதர். வெட்டின துண்டுகள் தையலுக்கு வெளியே வரும்போது ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்பீஸால் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அம்பு மேலே பார்க்கும்படி தைக்கச் சொல்வார். கத்திரியாரும் அப்படியே தைத்தார். அம்பு போடுவது முதலாளியின் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டார். ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே!

ஐம்பத்திரண்டு வயதில் சொந்தக் கடை போடப் போவதாகச் சொன்னபோது முதலாளி சிரித்தார்.

“நீ கத்திரிய்யா. கத்திரி தானா வெட்டாது, பிடிக்க ஒரு கை வேணும். ஆறு மாசத்துல திரும்பி வந்துருவ. உன் ஸ்டூலை வேற யாருக்கும் குடுக்க மாட்டேன், போ.”

அந்தச் சொல்லை அவர் செரிக்கவே இல்லை. கடைப் பலகையில் துடுப்பு அளவுக்கு ஒரு கத்தரிக்கோலை வரையச் சொன்னார். பேரே எழுதவில்லை. அன்றிலிருந்து அந்த வரிசைக்கே அவர் கத்திரியார் ஆகிப்போனார்.

ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வரிசையாக ஏழு கடைகள். அதில் நாலு அந்த ஒரே வருஷத்தில் திறந்தவை. கத்திரியார் கடைக்கு இடப்பக்கம் ரொட்டிக்காரம்மா. ஒரு பெரிய சமையல்கூடத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்துவிட்டு, சொந்த அடுப்பு போட்டவர். வலப்பக்கம் பூட்டுக்காரர்; சாவி போடுவதும் பூட்டு திறப்பதும் அவர் வேலை. கடைசியில் அச்சுக்காரம்மா, அறுபது வயதுக்கு மேல், ஒரு சின்ன அச்சு மிஷினோடு உட்கார்ந்துவிட்டவர். நாலு பேருக்கும் ஆள் அம்பு கிடையாது. முதலாளியும் அவரவர்தான், கூட்டிப் பெருக்குவதும் அவரவர்தான்.

அந்த வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது பெரிய சிக்கலில் மாட்டிக்கொண்டால் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட வேண்டும். பார்த்தவர்கள் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வருவார்கள். ரொட்டிக்காரம்மாவின் அடுப்பு கடை திறந்த மூன்றாம் வாரமே படுத்துவிட்டது. அழுவதை ரோட்டில் போகிறவர்கள் பார்க்கக் கூடாதென்று ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்க, பூட்டுக்காரர் குனிந்து உள்ளே போனார். அப்படி ஆரம்பித்தது.

அதற்கு ஒரு சட்டமும் உண்டு. போட்டவர் அச்சுக்காரம்மா. உள்ளே வருகிறவர், “நான் அப்பவே நினைச்சேன்” என்று ஆரம்பிக்கக் கூடாது. முதலில் தான் செய்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்தவர் முட்டாள்தனத்தைக் கேட்கலாம்.

கத்திரியாருக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது.

“ஒப்பாரிக்குக் கூட்டு சேர்க்கிறீங்களா?” என்று கேட்டார். “குனிஞ்சு உள்ளே வர்றதுக்கு நான் என்ன கோழியா?”

“கோழியாவது முட்டை போடும், அண்ணே,” என்றார் ரொட்டிக்காரம்மா. “நீங்க சத்தம் மட்டும்தான் போடுறீங்க.”

ஐந்து மாதத்தில் மூன்று தடவை பாதி ஷட்டர் விழுந்தது. மூன்று தடவையும் கத்திரியாருக்கு அவசர வேலை இருந்தது.

இப்படியிருக்க, ஐந்தாம் மாதக் கடைசியில் ஓர் இசைப் பள்ளியை நடத்தும் அம்மாள் கடைக்கு வந்தார். புதிதாகக் கட்டிய கூடத்தில் ஆறு உயரமான ஜன்னல்கள். ஜன்னலுக்கு இரண்டாகப் பன்னிரண்டு திரை. கருஞ்சிவப்பு வெல்வெட். சனிக்கிழமை மாலை கூடம் திறப்பு.

“வெல்வெட் எல்லாம் வெட்டுவீங்களா?”

“வெல்வெட்டா? அதுதாம்மா என் சோறே,” என்றார் கத்திரியார். பொய் சொல்கிறோம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. நாற்பது வருஷம் பக்கத்து அறையில் இருந்தாலே பாதி தொழில் வந்துவிடாதா?

ஊரில் நாலு பேருக்குத் தெரியும் வேலை அது. அதுவரை சமையலறை ஜன்னலும் குளியலறை மறைப்புமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது; அதுவும் குறைந்துகொண்டே வந்தது. இந்த ஒரு வேலை நன்றாக அமைந்தால் கடை நிற்கும். இல்லையென்றால் அந்த ஸ்டூல்தான். அவருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

வெட்டு மேசை அவர் கையாலேயே செய்தது. பழைய கதவு இரண்டை முனையோடு முனை சேர்த்துப் பதித்தது. துணியை விசிறி மடிப்பதுபோல் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மாற்றி மாற்றிப் போட்டார். பன்னிரண்டு அடுக்கு. இரண்டு பக்க மடிப்பையும் மூன்று நாலு தடவையாக வெட்டி எடுத்தார். சாதாரணத் துணியை இப்படித்தான் ஆயிரம் தடவை வெட்டியிருக்கிறார். வேலை முடிந்ததும் மனைவியைக் கூப்பிட்டு, “பார்த்தியா, ஒரு நூல் ஏறி இறங்கி இருக்கா?” என்றார். இல்லைதான். ஒன்றொன்றாகத் தைத்து, தலையில் கொசுவம் வைத்து, கீழே அகலமாக மடித்து, புதன்கிழமை பன்னிரண்டையும் முடித்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை, சுருக்கம் போகட்டும் என்று, மனைவி ஏணி வைத்து ஏறி எல்லாவற்றையும் கூரையோரக் கம்பியில் வரிசையாக மாட்டினாள். வெயில் நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது. இறங்கித் திரும்பிப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

“என்னங்க, இங்க வாங்க. ஒண்ணு விட்டு ஒண்ணு கறுத்திருக்கு.”

“உன் கண்ணு கறுத்திருக்கும்.”

“என் கண்ணுல ஆறு கறுப்பு, ஆறு சிவப்பு எப்படிங்க வரும்? நீங்களே பாருங்க.”

பார்த்தார். ஒரே துணிதான், ஒரே சுருளிலிருந்து வந்ததுதான். ஆனால் ஒன்று மாதுளைத் தோல் போல வெளிறித் தெரிந்தது. அடுத்தது உறைந்த ரத்தம் போல இருண்டு தெரிந்தது. இப்படிப் பன்னிரண்டும். ஜன்னலுக்கு இரண்டு என்று தொங்கவிட்டால், ஒவ்வொரு ஜன்னலும் ஒரு கண் வெளுத்து ஒரு கண் கறுத்து விழிக்கும்.

கத்திரியார் வாயில் முதலில் வந்தது துணிக்கடைக்காரனின் பரம்பரை. இரண்டு சாயத்தை ஒட்டி ஒரே சுருளாக விற்றுவிட்டான் என்றார். போனை எடுத்துக் கத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து, ஒரே சாயம்தான், ஒட்டு இருந்தால் காட்டுங்கள், இந்த நிறத்தில் இனி ஒரு முழம் கூட இல்லை என்று பதில் வந்தது. சுருளில் மிச்சம் இருந்தது கைக்குட்டை அளவு. அவருடைய அளவுதான் விரற்கடை கூடப் பிசகாதே!

போனை வைத்தார். நாளை மறுநாள் சனிக்கிழமை. துணி இல்லை. என்ன நடந்ததென்றே தெரியவில்லை. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கை என்ன செய்ததென்று கைக்கே தெரியவில்லை. அந்த ஸ்டூல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அதன் ஒரு கால் கொஞ்சம் கட்டை, ஆடாமலிருக்க அவரே ஒரு துணித் துண்டைச் சுருட்டி வைத்திருந்தார்.

“மூடிட்டுக் கிளம்பலாம்,” என்றார்.

“எங்க?”

அவர் எழுந்து போய் ஷட்டரைப் பிடித்து இழுத்தார். கடகடவென்று இடுப்பு உயரத்துக்கு வந்தது. இன்னும் ஓர் இழுப்பு இழுத்தால் தரையைத் தொட்டுவிடும். கை கொக்கியிலேயே இருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் வீம்புக்காவது முழுக்க இழுத்திருப்பார்.  பிறகு கையை எடுத்துக்கொண்டு, மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

முதலில் உள்ளே நுழைந்தது பூட்டுக்காரரின் தலை.

“அண்ணே, ஷட்டர் சிக்கிக்கிச்சா? எண்ணெய் விடணுமா?”

“சிக்கல.”

பூட்டுக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். உடம்பையும் உள்ளே இழுத்துக்கொண்டு வந்து நிமிர்ந்தார். “போன மாசம் என் கடைச் சாவியை உள்ளே வச்சுப் பூட்டிட்டேன்,” என்றார். “ஊருக்கெல்லாம் பூட்டுத் திறக்கிறவன். திறக்கிற கம்பியெல்லாமும் உள்ளேதான். மத்தியானம் வரைக்கும் வாசல்ல உட்கார்ந்து, வாடிக்கைக்காரன்கிட்ட காத்து வாங்குறேன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்.”

அதற்குள் ரொட்டிக்காரம்மா வந்துவிட்டார், முழங்கை வரை மாவோடு. “ஒரு பிறந்தநாள் கேக்குக்குச் சர்க்கரைக்குப் பதிலா உப்பு. மூணு தட்டு கேக். நல்லா வந்திருக்குன்னு நானே கையால ஊட்டிவிட்டேன்.” கடைசியாக அச்சுக்காரம்மா, மூட்டு வலியோடு முனகிக்கொண்டே குனிந்து வந்தார். “ஐநூறு கல்யாணப் பத்திரிகை. பொண்ணோட அப்பா பேரும் மாப்பிள்ளை பேரும் இடம் மாறிப்போச்சு. இப்ப உன் கதையைச் சொல்லு, தம்பி.”

கத்திரியார் கம்பியைக் கையால் காட்டினார்.

“துணிக்காரன் ஏமாத்திட்டான்,” என்று தொடங்கினார். யாரும் ஆமாம் போடவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பேசாமல் நின்றார்கள். எதிர்த்துப் பேசினால் சண்டை போடலாம். பேசாமல் நிற்கிறவர்களிடம் என்ன செய்ய முடியும்? “எனக்குத் தெரியல,” என்றார் கத்திரியார். “வெல்வெட்டை நான் வெட்டினதே இல்லை. இதுதான் முதல் தடவை.”

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் அது புதுச் செய்தி.

அச்சுக்காரம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். ஒன்றை மேலிருந்து கீழாகத் தடவினார். அடுத்ததையும் அப்படியே தடவினார். மறுபடி முதல் துணிக்கு வந்தார்.

“இது படியுது. இது சிலிர்க்குது. பூனை முதுகு மாதிரி. தம்பி, இந்தத் துணிக்குத் திசை இருக்கா?”

“துணிக்கு ஏதுக்கா திசை?”

“பேப்பருக்கே இருக்கே. ஒரு பக்கமா மடிச்சா நேரா மடியும், எதிர்ப்பக்கமா மடிச்சா உடையும். அதுக்காகக் கட்டு பிரிக்கும்போதே ஓரத்துல ஒரு அம்பு போட்டு வச்சுக்குவேன்.”

அம்பு.

கத்திரியார் எழுந்தார். மேசைக்கு வந்தார். மிச்சத் துண்டை எடுத்து விசிறி மடிப்பாக ஒரு தடவை மடித்தார். இந்தப் பக்கம் போகும்போது துணியின் ரோமம் இந்தப் பக்கம் பார்க்கிறது. திரும்பி வரும்போது அந்தப் பக்கம் பார்க்கிறது. ஒன்று விட்டு ஒன்று. பன்னிரண்டில் ஆறைத் தலைகீழாகத் தைத்திருக்கிறார்; ரோமம் கீழே படிந்தது வெளுத்தும், மேலே சிலிர்த்தது கறுத்தும் தெரிகிறது. அவ்வளவுதான் விஷயம். சாயமும் இல்லை, ஏமாற்றும் இல்லை. முதலாளி இத்தனை வருஷம் ஒவ்வொரு வெல்வெட் துண்டின் முதுகிலும் சாக்பீஸில் எழுதி அவர் கையில் கொடுத்ததை, ஒரு வார்த்தை கேட்காமல், கிறுக்கு என்று நினைத்துத் தைத்திருக்கிறார்.

அவர் சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் அழுகை மாதிரி வந்ததால், யாரும் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“அப்ப ஆறைப் புரட்டிப் போட்டா சரியாயிடுமா?” என்றார் ரொட்டிக்காரம்மா.

“தலைக் கொசுவத்தைப் பிரிக்கணும். கீழ் மடிப்பைப் பிரிக்கணும். தலையைக் காலாக்கி, காலைத் தலையாக்கித் திரும்பத் தைக்கணும். ஆனா ஊசி குத்தின தடம் வெல்வெட்டுல போகாது. வரிசையாப் புள்ளி தெரியும். பிரிக்கிறப்ப நுனி பட்டா ரோமமும் பிடுங்கிட்டு வரும்.”

“பிரிக்கிறது என் வேலை,” என்றார் பூட்டுக்காரர். தன் கடைக்குப் போய்ப் பூட்டு திறக்கும் மெல்லிய கம்பிகளைக் கொண்டுவந்தார். மேசையில் துணியைப் போட்டு, ஒவ்வொரு தையலாகக் கம்பியை நுழைத்துத் தூக்கி, நூலைச் சத்தமில்லாமல் உருவினார். ஒரு ரோமம் சாயவில்லை. “பூட்டும் இப்படித்தாண்ணே. பலம் காட்டினா திறக்காது.”

“தத்துவத்தைக் குறைச்சுட்டுக் கையை ஓட்டுய்யா,” என்றார் கத்திரியார். குரல் திரும்பிவிட்டது.

ஊசித் தடத்துக்கு மருந்து ரொட்டிக்காரம்மாவிடம் இருந்தது. மூக்கு நீண்ட ஒரு கெட்டிலில் நீரைக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தார். துணியின் முதுகுப் பக்கமாக ஆவியைக் காட்டினார். “ரொட்டியோட மேல்தோலையே ஆவிதான் எழுப்புது, இது எழும்பாதா?” கத்திரியாரின் மனைவி ஒரு பழைய மென்மையான பிரஷ்ஷால் முன்பக்கம் லேசாக நீவினாள். நசுங்கிக் கிடந்த ரோமம் மெள்ள நிமிர்ந்து புள்ளிகளை மூடிக்கொண்டது. அதற்கு முன்பே அச்சுக்காரம்மா ஆறு துண்டின் முதுகிலும் சாக்பீஸால் அம்பு போட்டு முடித்திருந்தார்.

வியாழன் முழுக்கவும் வெள்ளி முழுக்கவும் இப்படிப் போயிற்று. ஒருவர் கடைக்கு ஆள் வந்தால் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடி வருவார். அச்சுக்காரம்மா ரொட்டி விற்றார், யாருக்கோ ஒரு ரொட்டி அதிகமாகவே கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பன்னிரண்டும் கம்பியில் ஏறின. ஒரே நிறம். ஒரே ஒரு திரையில் மட்டும், கொசுவத்துக்குக் கீழே ஒரு சாண் அகலத்துக்கு, உற்றுப் பார்த்தால் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. எத்தனை ஆவி காட்டியும் போகவில்லை.

“கடைசி ஜன்னல்ல, ஓரமா மாட்டிடுங்கண்ணே,” என்றார் பூட்டுக்காரர். “யாருக்குத் தெரியப் போகுது?”

சனிக்கிழமை காலை கத்திரியார் அதைக் கடைசி ஜன்னலில்தான் மாட்டினார். இசைப் பள்ளி அம்மாள் கூடத்தின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, “அழகா இருக்கு” என்றார். அதோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். கத்திரியார் ஏணியிலிருந்து இறங்கி, அவரைக் கடைசி ஜன்னலுக்குக் கூட்டிப்போய், கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

“இந்தத் திரையை ஒரு தடவை தலைகீழாத் தைச்சுட்டேம்மா. பிரிச்சுத் தைச்சது. தடம் நின்னுபோச்சு. பிடிக்கலைன்னா இந்த ஒண்ணுக்குக் காசு வேண்டாம்.”

அம்மாள் கோட்டைத் தேடவேண்டியிருந்தது. “நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காதே.”

“தெரியாது. அதனாலதான் சொன்னேன்.”

அம்மாள் திரையைத் தடவிப் பார்த்தார். படியும் பக்கமாகத்தான் தடவினார். பிறகு, “அடுத்த வருஷம் இதையெல்லாம் சுத்தம் பண்ணணும்னா யார் கழட்டுவாங்க? நீங்க வருவீங்களா?” என்று கேட்டார்.

 அடுத்த வருஷம் என்ற சொல் கத்திரியார் காதுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது.

“நான்தான் வருவேன்,” என்றார். “கடை அங்கேயேதான் இருக்கும்.”

ஆறாம் மாதம் முடிந்தது. ஏழாம் மாதமும் முடிந்தது. ஸ்டூலைப் பற்றி ஒரு தகவலும் இல்லை, அவரும் விசாரிக்கவில்லை. எட்டாம் மாதம் வரிசையில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை புதிதாக வந்தது. கடைக்காரர் கோட்டுப் போட்டவர், படித்தவர், யாரோடும் ஒட்டாதவர். பாதி ஷட்டர் வழக்கத்தைச் சொன்னபோது, “பார்க்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியத்துக்கு முன், அந்த ஷட்டர் பாதியில் நின்றது.

கத்திரியார் அப்போது ஒரு நல்ல வெட்டின் நடுவில் இருந்தார். கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டு, மற்றவர்கள் வாசலுக்கு வருவதற்குள் போய்ச் சேர்ந்தார். குனிந்தார். இடுப்பு சுளீரென்றது. ஒரு கையைத் தரையில் ஊன்றித்தான் உள்ளே போக முடிந்தது. கண்ணாடிக்காரர் ஒரு பெரிய வாடிக்கைக்காரரின் கண்ணாடியை இடது வலது மாற்றிச் செய்து கையில் வைத்துக்கொண்டு, பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பின்னாலேயே வந்த பூட்டுக்காரர் வாயைத் திறந்தார். “அன்னிக்கு ஒரு நாள் என் கடைச் சாவியை உள்ளே வச்சு…”

“நீ சும்மா இருய்யா,” என்றார் கத்திரியார், முழங்காலைத் தட்டிக்கொண்டே நிமிர்ந்து. “சாவியை உள்ளே வச்சதெல்லாம் ஒரு தப்பா? உப்புக் கேக்கு ஒரு தப்பா? தம்பி, நல்லாக் கேட்டுக்குங்க. இந்த வரிசையிலேயே என் அளவுக்குத் தப்புப் பண்ணினவன் எவனும் இல்லை. நாற்பது வருஷ அனுபவம். பன்னிரண்டு வெல்வெட் திரையில ஆறைத் தலைகீழாத் தைச்சவன் நான். இப்ப சொல்லுங்க, அதுக்கு மேலயா நீங்க பண்ணிட்டீங்க?”